ஆறுமுகம் கூப்பிடாமல் விட்ட பெயர்

போன வாரம் புது ஆர்.ஐ. தம்பி போன் செய்தார். வருவாய் ஆய்வாளராக இருந்து நான் ஓய்வு பெற்ற நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் அவர்தான். இலங்கை அகதிகள் முகாமில் மாதாமாதம் ஆள் தணிக்கை செய்வது அந்த நாற்காலியின் வேலைகளில் ஒன்று. அதற்கு இப்போது விரல் ரேகை மிஷின் வந்திருக்கிறது.

"சார், மிஷின் விரலை எடுக்கவே மாட்டேங்குது. பெயிண்ட் அடிக்கிறவங்களுக்கு ரேகையே இல்ல. நடவுக்குப் போற பொம்பளைங்க கையும் தேஞ்சு கிடக்கு. ஆள் என் எதிர்ல நிக்கிறாங்க, மிஷின் ஆள் இல்லைங்குது. நீங்க இருந்தப்ப எப்படி சார் பண்ணீங்க?"

"பேரைக் கூப்பிடுவோம். இருக்கேன்னு சொல்லுவாங்க."

"அவ்வளவுதானா சார்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அவ்வளவுதானாவா? அந்த ஒரு வேலையில் நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்! ஏதோ சொல்லிப் போனை வைத்தேன். "ரிடையர் ஆகியும் மூக்கு மேல இருக்கிற கோபம் மட்டும் ரிடையர் ஆகல" என்று சமையலறையிலிருந்து கமலா குரல் கொடுத்தாள். நாற்பது வருஷமாக அந்த மூக்கோடு குடித்தனம் செய்கிறவள், சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தத் தம்பிக்குப் போனில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் மன்னார்குடிக்காரன். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, சிட்டா, அடங்கல், ஜமாபந்தி என்று நிலக் கணக்கிலேயே பாதி ஆயுளைத் தள்ளியவன். புயல் வந்தால் சாய்ந்த நெல்லை எண்ணுவேன். வாய்க்கால் தகராறு என்றால் இரண்டு பக்கமும் திட்டு வாங்குவேன். அதுவரை மனிதர்களை நான் பார்த்தது எல்லாம் அவர்களுடைய நிலத்தின் வழியாகத்தான். யாரைப் பார்த்தாலும் எத்தனை மா நிலம், எந்த வாய்க்கால் என்று மனசு கேட்கும். முகாமுக்கு மாற்றல் வந்தபோது, காலடி மண்கூடச் சொந்தமில்லாத ஒரு ஊரை முதல் தடவையாகப் பார்த்தேன்.

தஞ்சாவூருக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் எட்டாத செம்மண் மேட்டில் இருந்தது முகாம். போர்க் காலத்தில் படகேறி வந்தவர்கள். பத்தடிக்குப் பத்தடி வீடுகள், வரிசை வரிசையாக. ஆனால் கதவுகளைப் பார்க்க வேண்டுமே! ஆண்கள் பெரும்பாலும் பெயிண்டர்கள். தஞ்சாவூரில் வசதியானவர்கள் வீட்டுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட் டப்பாவைக் கொண்டுவந்து தங்கள் கதவுக்கு அடித்துக்கொள்வார்கள். மருத்துவக் கல்லூரிச் சாலையில் எந்த டாக்டர் வீடு என்ன நிறம் என்று முகாமைச் சுற்றி வந்தாலே தெரிந்துவிடும். காலை நேரத்தில் வரிசைக்குள் நுழைந்தால் வறுத்த மிளகாய்த்தூள் வாசமும் பிட்டு வேகிற வாசமும் சேர்ந்து அடிக்கும். வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன், இருந்தாலும் பசிக்கும். இன்றைக்கும் அந்த வாசம் எங்காவது வந்தால் அங்கேயே நின்றுவிடுகிறேன்.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் ஜமாலுதீன் சார், தனி வட்டாட்சியர். அதிராம்பட்டினத்துக்காரர். அவர் வீட்டில் பாதிப் பேர் வளைகுடாவில், மீதிப் பேர் அவர்களுக்கு விசா தேடிக்கொண்டு. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. இடுப்பளவு உயரக் குழந்தையைக்கூட "நீங்க" என்றுதான் சொல்வார். வீட்டு வாசலில் கோலம் இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றிக்கொண்டு போவார். ஆரம்பத்தில் எனக்கு இதெல்லாம் எரிச்சலாக இருந்தது. வெயில் ஏறுகிறது, இவர் கோலத்தைச் சுற்றுகிறார்!

தணிக்கைக்கு அவர் வைத்திருந்த பழக்கம் இரண்டு. ஒன்று, கடைசி வரிசைக் கடைசி வீட்டில் ஆரம்பிப்பார். "முதல் வீட்டுக்காரருக்கு எப்பவும் தெம்பான அதிகாரி கிடைக்கிறாரு. கடைசி வீட்டுக்காரரு என்ன பாவம் பண்ணாரு ராஜகோபால்?" என்பார். இரண்டாவது பழக்கம்தான் விசேஷம். மற்ற முகாம்களில் ஆர்.ஐ. பெயரைப் படிப்பார், ஆள் தலையை நீட்டுவார். எங்கள் முகாமில் குடும்பத் தலைவர் வாசலில் நின்று தன் வீட்டு ஆட்களைத் தானே ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவர்கள் வெளியே வந்து "இருக்கேன்" என்றோ, அவர்கள் ஊர் வழக்கில் "ஓம்" என்றோ சொல்ல வேண்டும். ஏன் சார் இப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"பேரு வெச்சது அவங்கதானே. நாம படிச்சா தப்பு தப்பாப் படிக்கிறோம்" என்றார்.

நான் நிறையத் தப்பாகத்தான் படித்தேன், அது உண்மை. அந்தப் பழக்கத்தால் தணிக்கை நாள் முகாமில் ஒரு சின்னத் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. மனைவியைப் பெயர் சொல்லியே கூப்பிடாத ஆம்பிளைகள் அன்றைக்குக் கூப்பிட்டாக வேண்டும். எதிர் வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். முதல்நாள் சண்டை போட்ட புருஷன் அன்று எந்தக் குரலில் கூப்பிடுகிறான் என்று வரிசையே காது கொடுக்கும்.

கடைசி வரிசைக் கடைசி வீடு ஆறுமுகத்துடையது. நீலக் கதவு. அவரும் பெயிண்டர்தான். மனைவி புவனேஸ்வரி, ஒரே மகள் தர்ஷினி. அந்தப் பெண் பிறந்தது தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், படித்தது இங்கே, நர்ஸிங் கடைசி வருஷம்.

போர் முடிந்து சில வருஷங்கள் ஆனதும் முகாம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. இலங்கைத் தூதரகத்தோடு தாங்கள் உறவு வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்பதுதான் தகராறு. இங்கே பிறந்த பிள்ளைகளைத் தங்கள் குடிமக்களாகப் பதிந்து கொடுக்கிறோம், கடவுச்சீட்டு வாங்கிக்கொள்ளலாம், திரும்பி வர விரும்புகிறவர்கள் வரலாம் என்று தூதரகம் சொன்னது. ஒரு பாதி, எங்களை அடித்து விரட்டிய அரசாங்கமாக இருந்தாலும் அது எங்கள் மண், பதிந்துகொள்வோம் என்றது. மறுபாதி, அவர்கள் தாளில் பெயர் ஏறினால் இந்தியக் குடியுரிமை கேட்கிற வாய் அன்றோடு அடைத்துப்போகும், ஒருத்தரும் போகக்கூடாது என்றது. நாங்கள் ஆபீஸில் 'போகிற கட்சி', 'இருக்கிற கட்சி' என்று சொல்லுவோம். ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கஞ்சி காய்ச்ச இரண்டு அண்டா ஏறியது. இதைக் குடித்தவன் அதைக் குடிக்கக்கூடாது. நான் இரண்டையும் குடித்தேன், அரசு ஊழியன் வேறென்ன செய்வது?

தெருவுக்குத் தெரு பிரிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஆறுமுகம் வீட்டில் பத்தடிக்குள் பிரிந்திருந்தது.

ஆறுமுகம் மலையகத்துக்காரர். தாத்தா காலத்தில் இங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறிய குடும்பம். கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் ஓடியவர்கள். அங்கே அவர் புவனேஸ்வரியைக் கட்டினார், போரில் இரண்டு பேருமாகப் படகேறினார்கள். "நான் அகதி இல்ல சார்" என்பார் என்னிடம். "எங்க தாத்தா ஊரு அம்மாப்பேட்டை பக்கம். போனவர் பேரன் திரும்பி வந்திருக்கேன். வீட்டுக்கு வந்தவனைப் பாத்து எப்பப் போறேன்னு கேக்குறாங்களே, இது என்ன நியாயம்?" இருக்கிற கட்சிக்கு அவர்தான் தலைவர் மாதிரி.

புவனேஸ்வரி விடமாட்டார். "எனக்கு அங்க வளவு கிடக்குது சேர், சொந்தக் காணி. அம்மா சீதனமாத் தந்தது. நல்ல தண்ணிக் கிணறு. இவருக்கு இங்க என்ன கிடக்குது, கேட்டுச் சொல்லுங்கோ. பத்தடி வீடும் ஒரு நம்பரும்!"

தர்ஷினி இரண்டு பேரையும் பார்த்து அலுத்துப்போனவள். அம்மாவோடு பேசும்போது அந்த ஊர்த் தமிழ், வெளியே வந்தால் தஞ்சாவூர்த் தமிழ். ஒருநாள் சான்றிதழுக்காக ஆபீஸுக்கு வந்தபோது என்னிடம் சொன்னாள்: "எனக்கு ஏதாவது ஒரு நாடு இருந்தா போதும் சார். எது குடுத்தாலும் சரி. வேலைக்கு எழுதிப் போட்டா எந்த நாடுன்னு ஒரு கட்டம் இருக்கு. அந்தக் கட்டத்துல நான் என்ன எழுத?" தேநீர் குடிக்கிறியாம்மா என்று கேட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் தூதரக ஆட்கள் நேரிலேயே வந்து பதியப் போவதாகத் தகவல் வந்தது. எங்கே வைப்பது? முகாமுக்குள் அவர்கள் கொடி ஏறக்கூடாது என்று இருக்கிற கட்சி வாசலில் உட்கார்ந்துவிட்டது. ஜமாலுதீன் சார் இரண்டு நாள் அலைந்து, தஞ்சாவூர் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்தார். "முகூர்த்தம் இல்லாத நாளாப் பாத்துக் குடுத்துட்டாங்க. கல்யாணத்துக்கு மாதிரியே வரவங்க வரட்டும், வராதவங்க வேண்டாம்" என்றார். அன்று காலையில் ஆறுமுகமும் அவர் ஆட்களும் முகாம் வாசலில் கைகட்டி நின்றார்கள். யாரையும் தடுக்கவில்லை, வையவும் இல்லை. போகிறவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள், அவ்வளவுதான். சிலர் அதற்கே திரும்பிப் போய்விட்டார்கள்.

புவனேஸ்வரி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு புருஷன் முன்னாலேயே நடந்து போனார். தாய் பேரிலேயே பதியலாம் என்றிருந்ததால் ஆறுமுகத்தின் சம்மதம் தேவைப்படவில்லை. தர்ஷினி மட்டும் ஒருமுறை நின்று, "அப்பா, போய்ட்டு வாறன்" என்றாள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த தணிக்கை வந்தது. ஜமாலுதீன் சாரும் வந்திருந்தார். வழக்கம்போலக் கடைசி வீட்டில் ஆரம்பித்தோம். ஆறுமுகம் வாசலில் வந்து நின்றார். "ஆறுமுகம், நான்தான்" என்றார். "புவனேஸ்வரி" என்றார். "ஓம்" என்று கதவுக்குள்ளிருந்து பதில் வந்தது. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "முடிஞ்சுது சார்" என்றார்.

தர்ஷினி கல்லூரிச் சீருடையில், பையை மாட்டிக்கொண்டு, கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வரிசை முழுக்க அப்படியே நின்றுவிட்டது. குக்கர் விசிலைக்கூட யாரும் போய் நிறுத்தவில்லை.

"யோவ் ஆறுமுகம், பொண்ணு?" என்றேன். எனக்கு மரியாதை எல்லாம் பறந்துவிட்டது.

"இந்த வீட்டுல ரெண்டு பேருதான் சார். வேற நாட்டுக்காரங்க யாரும் இங்க இல்ல."

இதில் என்ன இருக்கிறது என்று வெளியாட்கள் நினைக்கலாம். குடும்பத் தலைவர் ஒருவரைத் தன் குடும்பத்தில் இல்லை என்று சொல்லிவிட்டால் விசாரணை வைக்க வேண்டும். விசாரணை முடியும் வரை அந்தப் பெண்ணுக்கு முகாமில் இருக்கிறாள் என்று நான் சான்றிதழ் தர முடியாது. அது இல்லாமல் அவள் கடைசிப் பரீட்சை எழுத முடியாது. பெரியவர்கள் இரண்டு நாட்டுக்காகச் சண்டை போட, இந்தக் குழந்தை நடுவில் ஒன்றுமில்லாமல் நிற்கிறது. நான் பேனாவை எடுத்து, "நானே எழுதிடறேன் சார், ஆள் எதிர்ல நிக்குதே" என்றேன்.

ஜமாலுதீன் சார் மெதுவாகத் தலையசைத்தார், வேண்டாம் என்று. "எழுதலாம் ராஜகோபால். எழுதினா பேரு இருக்கும். அப்பா கூப்பிடலைங்கிறதும் இருக்கும்." பிறகு ஆறுமுகத்திடம், "நாங்க மத்த வீட்டை முடிச்சுட்டு வர்றோம். நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

அன்று போல ஒரு தணிக்கையை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு வாசலிலும் அப்பன்கள் கூப்பிட்ட கூப்பாட்டில் அந்த மேடே அதிர்ந்தது. போகிற கட்சி, இருக்கிற கட்சி இரண்டும்தான். இடுப்பில் இருக்கிற கைக்குழந்தையைக்கூட ஊருக்கே கேட்கிற மாதிரி பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எல்லாம் கடைசி வீட்டுக்குக் கேட்கட்டும் என்றுதான். தர்ஷினி பஸ்ஸுக்குப் போகவில்லை. பையைக்கூடக் கழற்றாமல் வாசல் ஓரத்திலேயே நின்றாள்.

வெயில் சாய்ந்தபோது திரும்பி வந்தோம். ஆறுமுகம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார், சாப்பிட்டவர் மாதிரித் தெரியவில்லை. எங்களைப் பார்த்ததும் எழுந்தார். ஜமாலுதீன் சார் அவர் பக்கத்தில் ஒரு காலி பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். என்ன பேசப் போகிறாரோ என்று நான் காத்திருந்தேன். அவர் கேட்டது இதைத்தான்:

"அம்மாப்பேட்டையில உங்க சொந்தக்காரங்க யாரும் இருக்காங்களாங்க?"

ஆறுமுகம் துண்டால் முகத்தைத் துடைத்தார். "வந்த வருஷமே போனேன் சார்" என்றார். "தாத்தா சொன்ன அடையாளம் எல்லாம் சரியா இருந்துச்சு. வாய்க்கா, மதகு, ஐயனார் கோயில். அந்த வீட்டையும் கண்டுபிடிச்சேன். ஒரு பெரியவர் வெளிய வந்தாரு. எங்க தாத்தா மூக்கு சார் அவருக்கு, அச்சு அசலா அதே மூக்கு. நான் இன்னார் பேரன்னு சொன்னேன். 'அப்படி ஒரு பேரே இந்தக் குடும்பத்துல கிடையாதுப்பா'ன்னாரு."

"பொய்யா சொன்னாரு?" என்று நான் கேட்டேன்.

"இல்ல சார், நெஜமாவே அவருக்குத் தெரியல. பக்கத்து வீட்டுக் கிழவி ஒண்ணுதான் அப்புறம் சொல்லிச்சு, தாத்தா சொல்லாமக் கப்பல் ஏறினதும் அவங்கப்பா தலைமுழுகிட்டாராம். அந்தப் பேரை யாரும் வீட்டுல சொல்லக்கூடாதுன்னு வெச்சுட்டாராம். சொல்லலைன்னா அடுத்த தலைமுறைக்கு எங்க சார் தெரியும்? ஒரு சொம்பு தண்ணி குடுத்தாங்க. குடிச்சுட்டு வந்துட்டேன்."

சொல்லி முடித்ததும் அவருக்கே அது காதில் விழுந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் முகம் போன போக்கை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஜீப்பில் போகும்போது ஜமாலுதீன் சாரிடம், "எப்படி சார் அதைக் கேக்கணும்னு தோணுச்சு?" என்றேன். "சத்தியமா ஒண்ணும் நினைச்சுக் கேக்கல. என்ன பேசறதுன்னு தெரியல, பேச்சுக் கொடுத்தேன்" என்றார்.

ஆறுமுகம் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, தணிக்கைக்கு நிற்கிற மாதிரி நின்றார். "தர்ஷினி" என்றார்.

பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"தர்ஷினி!"

"இன்னொருக்காக் கூப்பிடுங்கோ" என்றாள் அவள். காலையிலிருந்து நின்றவள் அல்லவா, சும்மா விடுவாளா! எதிர் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மூன்றாவது முறை அவர் கூப்பிட்டது பெரிய ரோட்டுக்கே கேட்டிருக்கும். "இருக்கன் அப்பா" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நான் எழுதினேன்.

அதற்காக ஆறுமுகம் கட்சி மாறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். கடைசி வரை இருக்கிற கட்சிதான். பெண் பரீட்சை எழுதித் தேறினாள், கடவுச்சீட்டும் வந்தது. என் சர்வீஸின் கடைசி வருஷத்தில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் ஓட ஆரம்பித்தபோது தாயும் மகளும் கிளம்பினார்கள். வெளியேறும் அனுமதிக்கு அலைந்தது நான்தான். வளவைத் துப்புரவு செய்ய வேண்டும், கிணற்றை இறைக்க வேண்டும் என்று புவனேஸ்வரி பறந்தார். ஆனால் பஸ் ஏறும்போது, "இவருக்குச் சோறு வடிக்கத் தெரியாது சேர், ஒருக்கால் எட்டிப் பாருங்கோ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு வந்த தணிக்கைகளில் ஆறுமுகம் வாசலில் தனியாக நின்று, "ஆறுமுகம்" என்று கூப்பிட்டுவிட்டு, "இருக்கேன்" என்று தானே பதிலும் சொல்லுவார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியாது.

ஜமாலுதீன் சார் இப்போது மகனோடு துபாயில் இருக்கிறார், அவரும் விசிட் விசாவில்தான். முகாமை நினைத்தால் எனக்கு அந்த வாளியில் உட்கார்ந்திருந்த மனிதர்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறார். அப்படி ஒரு அதிகாரியின் கீழ் வேலை செய்தேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

இந்தத் தை அறுப்பு முடிந்த சமயம் தர்ஷினி வந்தாள். யாழ்ப்பாணத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். பிறந்த ஊருக்கு வர விசா எடுக்க வேண்டியிருந்தது, சுற்றுலா விசா. கப்பலில் வந்து இறங்கி நேரே முகாமுக்குப் போனால், வெளிநாட்டுக்காரர்கள் முகாமுக்குள் தங்கக்கூடாது என்று விதி. மகள் அங்கே தங்க முடியாது. அப்பாவுக்கு எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் இல்லை, மகள் வீட்டுக்கு அவர் போகவும் முடியாது. எங்கள் வீட்டில் இரும்மா என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கமலா அவளுக்குத் தலை வாரிவிட்டு, பிட்டு செய்யக் கற்றுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ஆறுமுகம் முதல் பஸ்ஸில் மன்னார்குடி வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு. "சுத்திப் பாக்கத்தானே சார் விசா குடுத்திருக்காங்க. அப்ப சுத்திக் காட்டணும்ல? நீங்களும் வாங்க" என்றார். பிறந்து வளர்ந்த பெண்ணுக்குத் தஞ்சாவூரைச் சுற்றிக் காட்டுகிறாராம்! அவளும் விடவில்லை, "இது என்ன கோயில் அப்பா? யார் கட்டினது?" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தாள். அவர் கைடு மாதிரிச் சொல்லிக்கொண்டே வந்தார். பாதி தப்பு. மூன்று பேரும் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

பிறகு அரண்மனை அருங்காட்சியகம். டிக்கெட் கொடுக்கிற இடத்தில் உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு ஒரு கட்டணம் என்று பலகை. உள்ளே இருந்த பெண் எங்களைப் பார்த்து, "மூணு பேரா? மூணு உள்ளூர் போடவா?" என்றார்.

"இல்லம்மா" என்றார் ஆறுமுகம். "ரெண்டு உள்ளூர், ஒண்ணு வெளிநாடு."

அந்தப் பெண் எட்டிப் பார்த்தார். "யாருங்க வெளிநாட்டுக்காரங்க?"

ஆறுமுகம் தர்ஷினியின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். "இவதான். எம் மக. தர்ஷினி" என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னார்.

ரெண்டு உள்ளூர் என்று அவர் சேர்த்துச் சொன்னதில் ஒன்று நான், இன்னொன்று அவர். அவரை உள்ளூர் என்று எந்த அரசாங்கமும் இன்னும் எழுதித் தரவில்லை. அது தப்பு என்று சொல்லத் தெரிந்த அதிகாரி அந்த வரிசையில் நான் ஒருவன்தான். நான் ரிடையர் ஆகிவிட்டேன். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு மூன்று பேரும் உள்ளே போனோம்.